கத்திச் சத்தம் நின்ற நேரம்

நான் பயந்தவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கிளைக்கடியில் கூடு கட்டியிருக்கும் குளவிக்குப் பயம். மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நிற்கிற மண்மேட்டுக்குப் பயம். சுவரில் புதிதாக ஒரு கீறல் தெரிந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. சிறுத்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் பெயரைக்கூட நான் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், 'அது' என்றுதான் சொல்வேன்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிறவர்களைத் தேயிலை மலைகளுக்குள் நடத்திக் கூட்டிப்போய், இடம் காட்டுகிறேன். முழங்கால் வலி வந்து கூடையை இறக்கி வைத்த பிறகு, ஹப்புத்தளையில் தங்கும் விடுதி வைத்திருக்கும் ஒருத்தர்தான் இந்த வேலையைக் கொடுத்தார். எனக்குப் பாதைகள் தெரியும், கொஞ்சம் இங்கிலீஷும் வரும், அது போதும் என்றார். நான் பயப்படுகிறவள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துபோனது. எதையெல்லாம் கண்ணில் படக்கூடாது என்று நாங்கள் சாமி கும்பிடுகிறோமோ, அதையெல்லாம் பார்க்கத்தான் இவர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். பனி மூட்டம் இறங்கினால் எங்கள் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். இவர்கள் கையை விரித்துக்கொண்டு அதற்குள் நடப்பார்கள். நீர்வீழ்ச்சியில் தண்ணீர் கூடினால் எனக்கு மண்மேடு ஞாபகம் வரும், இவர்களுக்குச் சிரிப்பு வரும். காலில் அட்டை ஏறினால்கூட முதலில் படம் எடுத்துவிட்டுத்தான் கத்துவார்கள். நான் இடுப்பில் உப்புப் பொட்டலத்தோடு நிற்பேன், உள்ளுக்குள் இவர்களைத் திட்டிக்கொண்டு.

என் வீட்டுக்காரருக்கும் இந்த நடையில் ஒரு பங்கு உண்டு. அவர் மூங்கிலில் சின்னச் சின்னக் கொழுந்துக் கூடைகள் பின்னுவார். உள்ளங்கையில் வைக்கிற அளவு. வருகிறவர்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து, பிளேன்டீ குடித்துக்கொண்டு அவர் பின்னுவதைப் பார்ப்பார்கள், பிறகு ஆளுக்கொன்று எடுத்துப் போவார்கள். இது பரம்பரைத் தொழில் ஒன்றும் இல்லை. அவர் வாழ்நாள் முழுக்கத் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கிற மெஷினோடு நின்றவர். ஓய்வு வந்த பிறகு சும்மா இருக்க முடியாமல், போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டார். வருகிறவர்கள் இதை நூறு வருடத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் மறுக்க மாட்டார், மீசைக்குள் சிரிப்பார்.

மூங்கில் கிடைப்பது மலைக்குக் கீழே, ஓடைக்கரையில். அந்தக் கரை தோட்டம், இந்தக் கரையும் தோட்டம், நடுவில் மட்டும் பாறையும் காடுமாக ஒரு பள்ளம். அங்கே தனியாகப் போகிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். விறகுக்குப் போகிற பெண்கள் தேவையில்லாத கதையெல்லாம் உரக்கப் பேசிக்கொண்டு போவார்கள். ஆம்பளைகள் கத்தியின் முதுகால் மரத்தில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். டொக், டொக் என்று அந்தச் சத்தம் மேலே வரைக்கும் கேட்கும். ஆள் இருக்கிறான் என்று 'அதற்கு'த் தெரிந்தால் அது ஒதுங்கிப் போய்விடும். ஆளுக்கு ஒன்றும் இல்லை என்று மேலே இருக்கிற எங்களுக்கும் தெரியும். சத்தம் நின்றால் மேலேயிருந்து யாராவது ஒரு குரல் கொடுப்பார்கள். கீழேயிருந்து பதில் வரும். பீடி பற்றவைக்க நின்றவர் திட்டிக்கொண்டே மறுபடி தட்டுவார்.

கச்சான் காற்று அடங்கி, மழை இன்னும் தொடங்காத நாட்களில் வெளிநாட்டிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் தோளில் தொங்கிய கேமராவின் குழாய் என் முழங்கை நீளம். யால காட்டில் நாள் முழுக்க ஜீப்பில் சுற்றியும் சரியாக ஒன்றும் பார்க்கவில்லையாம். ஜீப்பும் ஜீப்பும் முட்டிக்கொண்டு ஒரே இரைச்சல் என்று அந்த அம்மா குறைப்பட்டாள். தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறதென்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். ஒரு பின்னேரம் முழுக்க அமைதியாக ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டாம் என்றார்கள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நல்ல மனிதர்கள், கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார்கள். வந்தவர்களை ஏமாற்றி அனுப்ப எனக்கும் மனசு வராது. அதோடு, எத்தனையோ தடவை அந்தப் பாறையில் ஆட்களை உட்கார வைத்திருக்கிறேன், ஒருநாளும் அது வந்ததில்லை. இன்றைக்கும் வராது என்று நம்பித்தான் சரி என்றேன்.

அந்தப் பாறை ஒரு தேயிலைச் சரிவின் உச்சியில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் கீழே பள்ளமும் ஓடையும் மூங்கில் புதரும், எதிரே கரும்பாறைகளும் தெரியும். பக்கத்து மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மத்தியானமே போய் அவர்களிடம், "சாயந்தரம் கொஞ்சம் வாயக் கட்டிக்கிட்டு இருங்கடி, ஆளுங்க வர்றாங்க" என்று சொல்லி வைத்தேன்.

"நாங்க பேசலன்னா கொழுந்து வராதே அக்கா" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். மறுநாள் காலையில் இந்த விருந்தாளிகளுக்குக் கூடை பின்னிக் காட்ட வேண்டும், அதற்குப் பச்சை மூங்கில் வேண்டும் என்று அவர் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு தட்டாதீங்க. அவங்க அமைதியா இருக்கணும்னு கேக்குறாங்க" என்றேன்.

"தட்டாம எப்புடி?"

"ஒரு நாளைக்குத்தானே. வெட்டுறதையும் அவங்க போன பெறகு வெட்டுங்க. அதுவரைக்கும் காஞ்ச கிளையக் கழிச்சிக்கிட்டு இருங்க."

அவர் கத்தியின் முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நீயா இதச் சொல்ற?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். வலது மணிக்கட்டில் கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு, புதுசு, வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

பாறைக்குப் போகிற வழி முழுக்க எனக்கு என்னவோ போல் இருந்தது. பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் ஒரு வார்த்தை இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. விரல்கள் கொழுந்தை ஒடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருடம் அதே மலையில் நின்றிருக்கிறேன், அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. விருந்தாளி அம்மா என் காதருகே குனிந்து, எவ்வளவு அமைதியான ஊர் என்று சொன்னாள். நான் தலையாட்டினேன். சாவு வீட்டுக்குள் நடக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

பாறையில் உட்கார்ந்தோம். வெயில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. கீழே மூங்கில் புதர் அசையாமல் நின்றது. வீட்டுக்காரர் உள்ளே எங்கேயோ இருப்பார், தெரியவில்லை. நான் பழக்கதோஷத்தில் டொக் டொக்கை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். வராது என்று தெரியும், நான்தான் வேண்டாம் என்றேன். இருந்தும் காது அதையே தேடியது. ஒரு கொண்டலாத்திக் குருவி வந்து உட்கார்ந்தது, விருந்தாளி படம் எடுத்தார். ஒரு மரஅணில் போனது, அதையும் எடுத்தார். இப்படியே இருட்டுவதற்குள் எழுந்து போய்விட்டால் போதும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்தாள். அழுத்தமாக, நகம் பதிகிற அளவுக்கு.

எதிர்ப்பாறையில் அது நின்றது. எப்போது வந்தது என்று தெரியாது. முந்திய நொடி வெறும் பாறை, இந்த நொடி அது. வெயில் அதன் முதுகில் விழுந்து ரோமமெல்லாம் மின்னியது. அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கண் கீழே மூங்கில் புதருக்குத்தான் போனது. விருந்தாளியின் கேமரா விடாமல் ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எனக்கும் கண் கலங்கியது, காரணம் வேறு.

அது சோம்பல் முறித்தது. பிறகு பாறையிலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, இந்தக் கரைக்கு வந்தது. மூங்கில் புதரின் ஓரத்தில் நின்றது.

சத்தம் இல்லை. கீழே ஒரு சத்தமும் இல்லை. என்னைக் கொன்றது அந்த அமைதிதான். மற்ற நாளாக இருந்தால் சத்தம் நின்ற உடனே எனக்குத் தெரிந்துவிடும், ஏதோ சரியில்லை என்று. இன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? அவர் என் பேச்சைக் கேட்டுச் சும்மா இருக்கிறாரா, சத்தம் போட முடியாமல் இருக்கிறாரா? இரண்டுக்கும் ஒரே அமைதிதான். சத்தம் இருந்திருந்தால் அது அந்தக் கரையிலேயே நின்றிருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. வாயைத் திறந்தேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

நான் அசைந்ததைப் பார்த்து விருந்தாளி திரும்பாமலேயே உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் என் குரலைத் திறந்துவிட்டது. எழுந்து நின்று, கையைக் குவித்து, கீழே பார்த்து ஒரு கூப்பாடு போட்டேன். கொழுந்து எடுத்த காலத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை.

அது தலையை நிமிர்த்தியது. ஒரு கணம் நேராக எங்களைப் பார்த்தது. பிறகு திரும்பி, புதருக்குள் போயிற்றா, ஓடைக்குள் போயிற்றா தெரியாது, காணாமல் போனது. விருந்தாளி கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவருக்கு இங்கிலீஷில் விளக்கம் சொல்ல எனக்கு வார்த்தையும் இல்லை, நேரமும் இல்லை. கீழேயிருந்து பதில் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டேன். பக்கத்து மலையிலிருந்து பெண்கள் என் குரலைக் கேட்டு எல்லோருமாகச் சேர்ந்து கூப்பிட்டார்கள். மலை முழுக்க எதிரொலித்தது. பதில் இல்லை. அதே நேரம் பார்த்து மேலேயிருந்து பனி மூட்டம் இறங்கியது, வழக்கம்போல யாரிடமும் கேட்காமல். முதலில் எதிர்ப்பாறை மறைந்தது, அப்புறம் ஓடை, அப்புறம் புதர்.

நான் இறங்கி ஓடினேன். விருந்தாளிகளைத் தனியாக விடக் கூடாது என்பது விடுதிக்காரர் போட்ட முதல் சட்டம். அது எனக்கு அப்போது ஞாபகமே இல்லை. தேயிலைச் செடிகள் காலைக் கிழித்தன. மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கானில் விழுந்து எழுந்தேன். "என்னங்க, என்னங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. எதிரில் கை நீட்டினால் கை தெரியாத பனி. எந்தச் செடிக்குப் பின்னால் அது உட்கார்ந்திருக்குமோ என்று ஒவ்வொரு செடிக்கும் உயிர் போய் வந்தது. நின்றுவிடலாம் என்று ஒரு தடவை தோன்றியதையும் சொல்லத்தான் வேண்டும். கால்தான் நிற்கவில்லை.

மூங்கில் புதருக்குக் கொஞ்சம் மேலே, பனிக்குள்ளிருந்து அவர் நடந்து வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு, முழுசாக. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எதுக்கு எறங்கி வந்த?" என்றார்.

"கூப்புட்டேனே, காது கேக்கலையா உங்களுக்கு? ஊரே கூப்புட்டுச்சு."

"நீதானே சத்தம் போடாதன்னு சொன்ன."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் திட்டுமாக என்னென்னவோ பேசினேன். இது விளையாடுகிற விஷயமா, கொஞ்சமாவது அறிவு இருக்கிறதா, பாறையில் நின்று நான் செத்துப் பிழைத்தது தெரியுமா என்றெல்லாம். அதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தேன். எட்டத்துல போச்சு. அந்தக் கரையில" என்றார். "எந்திரி. நீ முன்னால நட."

மலைப்பாதையில் எப்போதும் அவர்தான் முன்னால் போவார், பாம்பு கீம்பு இருந்தால் பார்க்க. அன்றைக்கு என்னை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் வந்தார். ஏறுகிற வழியெல்லாம் கத்தியால் கல்லில், மரத்தில், எதில் பட்டாலும் தட்டிக்கொண்டே வந்தார். மூங்கில் எங்கே என்று கேட்டேன். நாளைக்கு எடுத்துக்கலாம் என்றார். எனக்கு அப்போதே ஏதோ நெருடியது. ஆனால் எட்டத்தில் போனது என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குத் தேவையாக இருந்தது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பாதி வழியில் பெண்கள் கொழுந்துக் கூடையோடு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு எதிரே வந்தார்கள். கீழே என் வீட்டுக்காரர் இருந்தார் என்று நான் திக்கித் திக்கிச் சொன்னேன். அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் புருஷன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர்களுக்கு அதுவரை தெரியாது, நானும் சொல்லியிருக்கவில்லை. யார் மேல் கோபப்பட?

மறுநாள் காலையில் அவர்கள் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த, முன்பே சீவி வைத்த மூங்கில் பிளாச்சுகளை எடுத்து அவர் கூடை பின்னிக் காட்டினார். ஒரு பிளாச்சு படக்கென்று ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் ஒடிந்தது. அவர் கையில் பிளாச்சு ஒடிந்து நான் பார்த்ததில்லை. ரொம்ப நாள் ஊறிவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார். ஊறினால் வளையும், ஒடியாது. அது எனக்கும் தெரியும்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு விடுதிக்காரரின் போனுக்குப் படங்கள் அனுப்பியிருந்தார்கள், எனக்கென்று. அவர் என் போனுக்கு மாற்றிவிட்டார். அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டலாத்தி, மரஅணில், எதிர்ப்பாறையில் வெயிலில் நிற்கிற அது. கடைசிப் படம் நான் கத்துவதற்குச் சற்று முன்னால் எடுத்தது. மூங்கில் புதரின் ஓரத்தில் அது நிற்கிறது. தலை தாழ்ந்திருக்கிறது. நம் பக்கம் பார்க்கவில்லை, புதருக்குள் எதையோ பார்க்கிறது.

அப்படி எதைப் பார்க்கிறது என்று இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். மூங்கில் தண்டுகள், காய்ந்த இலைகள். அதற்கு நடுவில் சின்னதாக ஒரு சிவப்பு. பூ என்று நினைத்தேன். இன்னும் பெரிதாக்கினேன். பூ இல்லை, கயிறு. கயிற்றுக்கு மேலே ஒரு கை. கையில் கத்தி. கத்தியின் முதுகு மூங்கில் தண்டில் படிந்திருக்கிறது, தட்டப் போகிற மாதிரி. அதன் முகத்துக்கும் அந்தக் கைக்கும் நடுவில் எங்கள் வீட்டுக் கட்டிலைப் போட்டால் இடம் பற்றாது.

ரொட்டி கருகி நாற்றம் வந்த பிறகுதான் நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். நடந்து முடிந்து இத்தனை நாளாகி, மனுஷன் கொல்லையில் உட்கார்ந்து பிளாச்சு சீவுகிற சத்தம் காதில் கேட்கிறது. இருந்தும் அன்றைக்குப் பாறையில் பட்ட பயத்தைவிட அதிகமாக அப்போதுதான் பயந்தேன்.

போனைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"எட்டத்துல போச்சுன்னீங்களே" என்றேன்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கத்தியைத் தீட்டுகிறவர் போலக் குனிந்துகொண்டார். "நீ கூப்புட்டப்போ அது ஓடிப் போயிருச்சுன்னு தெரியாது. உள்ளதான் எங்கயோ படுத்திருக்குன்னு நெனச்சேன். நான் பதில் குடுத்தா என் கொரலத் தேடி நீ எறங்கி வந்துருவ. அதான் வாயத் தொறக்கல."

"பதில் வரலன்னுதான் நான் எறங்கி வந்தேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சீவிய பிளாச்சுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டேன்.

விருந்தாளிகள் இப்போதும் வருகிறார்கள். அமைதி வேண்டும் என்று கேட்டால், எங்கள் மலையில் அமைதி கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடக்கும்போது வாய் ஓயாமல் பேசச் சொல்கிறேன், பேச ஒன்றும் இல்லாவிட்டால் பாடச் சொல்கிறேன். பறவைகூட ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை என்று விடுதிக்காரரிடம் சிலர் குறை சொன்னார்களாம். சொல்லட்டும்.

மூங்கிலுக்கு அவர் போனால் நானும் போகிறேன். ஓடைக்கரை நெருங்க நெருங்க என் உள்ளங்கை வேர்த்து ஊறிப்போகும், அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை, போகப்போவதும் இல்லை. அவர் வெட்டுகிறார். நான் பக்கத்தில் நின்று பழைய கத்தி ஒன்றால் தட்டுகிறேன். வெட்டுற சத்தமே போதும், நீ எதுக்கு வேற தட்டிக்கிட்டு, கை வலிக்கப் போகுது என்கிறார். வலிக்கத்தான் செய்கிறது. அவர் வெட்டி முடித்து, கட்டி, தோளில் தூக்கி, மேட்டில் ஏறி முடிக்கும் வரை நான் நிறுத்துவதில்லை.